புல்லட் பிரீதர் ஆயில் தள்ளுகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்பா வைத்திருந்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350. அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு ஏழெட்டு மாதம் கொட்டகையில் நின்றுவிட்டது. இப்போது இவர் எடுத்து ஓட்டுகிறார். இன்ஜின் அடிப்பகுதியின் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப் வழியாக ஆயில் புகையாகவும் துளியாகவும் வந்து செயின் கார்டு, பின் ரிம், டயர் எல்லாம் பிசுபிசுக்கிறது. தருமபுரியில் ஒரு மெக்கானிக் "போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றிருக்கிறார், அதாவது சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டது என்று. கிருஷ்ணகிரியில் இன்னொருவர் பைப்பை ஏர் ஃபில்டர் பக்கம் திருப்பிவிடலாம் என்றிருக்கிறார். ஊரில் ஒரு பெரியவர் ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்துவிடச் சொன்னாராம். "யார் சொல்றதை அண்ணா கேக்கறது?"

முதலில் பின் டயரை சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவுங்கள். ராயக்கோட்டை ரோட்டு வளைவுகளில் ஆயில் பட்ட டயரோடு போகாதீர்கள். பெரியவர் சொன்ன போல்ட் வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஏர் ஃபில்டருக்குத் திருப்புவது தப்பில்லை, ஆனால் ஆயில் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அது பதிலாகாது, ஆயில் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். போர் போனது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதில் பாதிக்கு ஒரு பைசா செலவில்லை.

பிரீதர் எதற்கு என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே, கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸில் இடம் கூடும், கீழே வரும்போது குறையும். உங்கள் வண்டியில் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. அதாவது பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதற்கு அடியில் 346 சிசி காற்று இடம் மாற வேண்டும். 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 முறை. பெருக்கிப் பாருங்கள், 17 லிட்டருக்கு மேல் வரும். ஒரு குடம் காற்று, ஒரே நொடியில், வெளியே போய் உள்ளே வரத் துடிக்கிறது. அந்தக் காற்றுக்குள் கிராங்க் அடித்து நுணுக்கிய ஆயில் பனி மாதிரி மிதந்துகொண்டிருக்கும். இது ஒற்றை சிலிண்டரின் பிறவிக் குணம். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு பிஸ்டன் ஏறும்போது இன்னொன்று இறங்குகிற மாதிரி அமைப்பு இருந்தால் காற்று உள்ளுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்ளும். உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதோடு இன்னொன்றும் சேரும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், மேலே எரியும் கேஸில் கொஞ்சம் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். அதில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், நீராவி இருக்கும். அதுவும் வெளியேறியாக வேண்டும். ஆகவே நன்றாக இருக்கும் புல்லட்டிலும் பிரீதர் வாயில் விரல் வைத்தால் ஆயில் ஈரம் தெரியும். அந்தக் காலத்தில் இப்படி வரும் ஆயில் பின் செயினுக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஈரம் இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. எவ்வளவு வருகிறது, எப்போது வருகிறது, அதுதான் விஷயம்.

"எப்போது" என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நீங்கள் சொன்னதில் எனக்கு முதலில் உறைத்தது "ஏழெட்டு மாதம் நின்றது" என்பதுதான்.

இந்தப் பழைய புல்லட்டில் ஆயில் கிராங்க் அறைக்கு அடியில் தேங்கி நிற்காது. அதே வார்ப்பில் பின்பக்கமாகத் தனி ஆயில் அறை உண்டு. ஒரு பம்பு அங்கிருந்து ஆயிலை இன்ஜினுக்குத் தள்ளும், இன்னொரு பம்பு கிராங்க் அறையில் விழுந்ததை உறிஞ்சித் திரும்ப அந்த அறைக்கே அனுப்பும். பம்பு தேயத் தேய, வண்டி நிற்கும்போது ஆயில் அதன் இடுக்கு வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். இரண்டு நாள் நின்றால் கொஞ்சம், இரண்டு மாதம் நின்றால் நிறைய. அப்புறம் நீங்கள் ஒரு நாள் வந்து ஆயில் அறையின் லெவல் பார்க்கும் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறீர்கள். ஆயில் இல்லை. "அடடா, காய்ந்து கிடக்கிறதே" என்று ஒரு லிட்டர் வாங்கி ஊற்றுகிறீர்கள். இன்ஜினில் மொத்த ஆயில் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது, இடம்தான் மாறியிருந்தது. இப்போது ஒரு லிட்டர் உபரி. ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் அந்தக் குளத்தில் மத்து மாதிரி கடைகிறது. பிரீதர் வாந்தி எடுக்கிறது.

என்னிடம் வந்த புல்லட்டுகளில் "போர் போயிடுச்சு" என்று சொல்லி அனுப்பப்பட்டவை சிலவற்றில் இதுதான் கதை. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் வண்டியைப் பார்த்துக் கொடுப்பேன். ஒருவர் வாராவாரம் ஆயில் ஊற்றுவார், வாராவாரம் அது டயரில் வந்து நிற்கும். ஊற்றுவதை நிறுத்தச் சொன்னேன். மூன்று வாரத்தில் வண்டி சுத்தம்.

ஆகவே உங்கள் வேலை இப்படித் தொடங்கட்டும். அடியில் உள்ள, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்குகளில் கிராங்க் அறைக்கானது எது என்று புல்லட் தெரிந்த ஒருவரைக் கேட்டு, அதைத் திறந்து எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு சட்டியில் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் பரவாயில்லை. கடகடவென்று அரை லிட்டர், முக்கால் லிட்டர் இறங்கினால் பாதிக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஏழெட்டு மாதம் நின்ற ஆயில் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், முழுவதும் இறக்கிவிட்டுப் புது 20டபிள்யூ50 கிரேடு ஆயில் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு லெவல் பார்ப்பது எப்போதும் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஓரிரு நிமிடம் பொறுத்துத்தான். சென்டர் ஸ்டாண்டில், சமதரையில். காலையில் எழுந்ததும் பார்க்கிற லெவலை நம்பாதீர்கள். மேல் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் போதும்.

ஒரு ராத்திரி நின்றாலே ஆயில் முழுக்க இறங்கிவிடுகிறது என்றால் பம்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் இறங்குகிறது என்றால் அதோடு வாழலாம். இந்த இன்ஜினின் சுபாவம் அது.

அடுத்தது ஒரு ரப்பர். பிரீதர் ஒரு வழிப் பாதையாக இருக்க வேண்டும், காற்று வெளியே போகலாம், திரும்ப உள்ளே வரக் கூடாது. பழைய புல்லட்டில் இதற்கு வாத்து அலகு மாதிரி முனை தட்டையான ஒரு ரப்பர் உண்டு. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் உதடு திறக்கும், வெளியிலிருந்து இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். அது ஒழுங்காக வேலை செய்தால் கொஞ்ச நேரத்திலேயே கிராங்க்கேஸுக்குள் காற்று குறைந்து லேசான வெற்றிடம் உண்டாகிவிடும். நான் சொன்ன அந்த ஒரு குடம் காற்று போய் வருவது நின்று, ரிங் வழியாக இறங்கும் கேஸ் மட்டும் வெளியேறும். ஆயிலும் அதற்கேற்பக் குறையும். இன்ஜின் பாகங்கள் சேரும் கேஸ்கெட் ஓரங்களில் கசிவும் குறையும். பழைய புல்லட் என்றாலே ஆயில் ஒழுகும் என்கிறோமே, அதில் கணிசமான பங்கு இந்தச் சின்ன ரப்பர் விறைத்துப் போனதால் வருவது.

உங்கள் வண்டியில் அதைக் கழற்றிப் பாருங்கள். வாயில் வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். வாயில் வைக்கும் முன் துடைத்துக்கொள்ளுங்கள், ஆயில் ருசி நாள் முழுக்கப் போகாது. உதடு வெடித்திருந்தாலோ, கல் மாதிரி விறைத்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். பல வண்டிகளில் யாரோ அதை எறிந்துவிட்டு வெறும் பெட்ரோல் டியூப்பை மாட்டியிருப்பார்கள். மெல்லிய, நீளமான டியூப். 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பைப்பில் 346 சிசி காற்று அடங்க வேண்டுமென்றால் மூன்று மீட்டர் நீளம் வேண்டும். நம் பைப் ஒரு மீட்டர்கூட இருக்காது. அப்படியானால் வால்வு இல்லாத பைப், ஒவ்வொரு சுற்றிலும் ஆயில் காற்றை வெளியே துப்பிவிட்டு, வெளிக் காற்றை உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். நம் பக்கம் கிரானைட் குவாரி லாரிகள் போகும் ரோட்டில் அந்த வெளிக் காற்றில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூள் ஏர் ஃபில்டர் எதையும் பார்க்காமல் நேராக பேரிங்குக்குப் போகிறது.

ரப்பருக்குப் பதிலாக ரீட் வால்வு என்ற மெல்லிய தகட்டு வால்வு போடுபவர்களும் உண்டு, நல்லதுதான். எதைப் போட்டாலும் இன்ஜினுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். பைப்பின் உள்விட்டத்தை எங்கேயும் குறைக்காதீர்கள். ஆயில் தாங்கும் ஹோஸ் வாங்குங்கள், சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டினால் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

லெவலும் சரி, ரப்பரும் சரி. இப்போது அளந்து பார்க்கலாம். ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்றில் பிரீதர் பைப், இன்னொன்று சும்மா திறந்திருக்கட்டும். அந்த இரண்டாவது ஓட்டையை மறந்தால் போல்ட் வைத்து அடைத்ததும் நீங்கள் செய்ததும் ஒன்றுதான். பாட்டிலை சைலன்சரிலிருந்து தள்ளி, டூல் பாக்ஸ் பக்கமாகக் கட்டுங்கள். வருகிற காற்றில் பெட்ரோல் ஆவியும் உண்டு. பிறகு பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வந்து, தொப்பூர் கணவாய் இறங்கி, திரும்ப ஏறி வீட்டுக்கு வாருங்கள். சமவெளி, இறக்கம், ஏற்றம் மூன்றும் கிடைத்துவிடும்.

வந்து பாட்டிலைப் பாருங்கள். உள்சுவரில் மெல்லிய படலம், அடியில் ஒரு தேக்கரண்டி என்றால் நான் அந்த இன்ஜினைத் தொட மாட்டேன். கால் டம்ளருக்கு மேல் கறுப்பாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். காபி மாதிரியோ, வெண்ணெய் திரண்ட மோர் மாதிரியோ இருந்தால் அது தண்ணீர் கலந்த ஆயில். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் காலையில் ரெண்டு கிலோமீட்டர் போய்ப் பால் வாங்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்துவிடும். அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வெள்ளைச் சகதியை மட்டும் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள்.

தொப்பூரைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி கியரில் இறங்கும்போது சிலிண்டருக்குள் இழுவை அதிகமாக இருக்கும். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த இழுவையில் மேலிருந்து ஆயில் உள்ளே போகும். கீழே வந்து ஆக்சிலேட்டரைத் திருகும்போது பின்னால் குப்பென்று நீலப் புகை வந்து, பிறகு அடங்கும். பின்னால் ஒரு நண்பரை வேறு வண்டியில் வரச் சொல்லுங்கள். புகை இந்த மாதிரி வந்து பாட்டில் சுத்தமாக இருந்தால் சிலிண்டருக்கு மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டோடு வேலை முடிந்தது, போர் வேலை வேண்டாம். ஏற்றத்தில் விடாமல் நீலப் புகையும், பாட்டிலில் ஆயிலும் சேர்ந்து வந்தால் தருமபுரி மெக்கானிக் சொன்னது சரிதான்.

அதையும் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பழைய வித்தை. கம்ப்ரஷனை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடிக்காமல் கிக்கரை மெதுவாக அழுத்தி, கம்ப்ரஷன் தடுக்கும் இடத்தில் அதன்மேல் ஏறி நில்லுங்கள். நல்ல புல்லட் உங்கள் எடையைச் சில நொடிகளாவது தாங்கிவிட்டுத்தான் மெல்ல இறங்கும். ஏறியவுடன் படியில் கால் வழுக்கியது போல இறங்கினால் எங்கேயோ காற்று போகிறது. எங்கே என்பதற்கு: பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து அதில் டியூப் வால்வின் கழுத்தைப் பற்றவைத்து ஒரு இணைப்பு செய்துகொள்ளுங்கள். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, ஒருவரைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சமாக விடுங்கள். பிரீதரில் உஸ்ஸென்று சத்தம் வந்தால் ரிங். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் வந்தால் இன்லெட் வால்வு. பிரீதரில் கொஞ்சம் சத்தம் எல்லா இன்ஜினிலும் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

ரிங் என்று தெரிந்தாலும் உடனே இறக்காதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ரிங் அதன் பள்ளத்திலேயே கரியோடு ஒட்டிக் கிடக்கும். புது ஆயில் போட்டு ஒரு முன்னூறு கிலோமீட்டர் நன்றாக, சூடேறும்படி ஓட்டினால் சில வண்டிகளில் அது விட்டுவிடும். திரும்ப பாட்டிலைக் கட்டிப் பாருங்கள். குறைந்திருந்தால் இன்னும் ஓட்டுங்கள். அசையவே இல்லையென்றால் மட்டும் லேத் பட்டறைக்குப் போகலாம்.

எல்லாம் சரியான பிறகும் மிச்சமிருக்கும் அந்த ஈரத்தைப் பிடிக்க ஒரு கேட்ச் கேன், அதாவது ஆயில் பிடிக்கும் டப்பா போடலாம். கடையில் பளபளவென்று அலுமினியத்தில் விற்பதில் பலவும் உள்ளே வெறும் காலி டப்பா. ஆயில் பனி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். உள்ளே ஒரு தடுப்பு வேண்டும், அதில் மோதித்தான் பனி துளியாக மாறும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் தளர்வாக வைத்து, அது இடம் பெயராமல் ஒரு வலையை மேலும் கீழும் கொடுங்கள். பொடியாக உதிரும் வகை நார் வேண்டாம். பைப் நடுவில் எங்கேயும் தொங்கிப் பள்ளமாகக் கூடாது, அங்கே தண்ணீர் தேங்கி அடைக்கும். டப்பாவின் மேல் துவாரத்தில் ஒரு சின்ன ஃபில்டர். நிரம்பியதைப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கரையானுக்கு ஆகட்டும் என்று வேலிக் கம்பத்துக்குப் பூசும் பழக்கம் நம் ஊரில் உண்டு, கிணற்றுப் பக்கம் அதைச் செய்யாதீர்கள்.

அந்த போல்ட்டுக்கு ஏன் அவ்வளவு பயப்படுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் சொந்த புல்லட்டை ஒரு மழைக்காலம் முழுக்கக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் விட்டிருந்தேன். எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி வருவதற்குள் ராக்கர் கவர் ஓரமெல்லாம் ஆயில், டைமிங் கவரில் ஆயில், பூட்ஸ் முழுக்க ஆயில். கிராங்க் சீல் தள்ளி, கிளட்ச் பக்கம் இருக்கும் பிரைமரி செயின் கேஸுக்குள் இன்ஜின் ஆயில் இறங்கி, அதுவும் வழிகிறது. போர் போய்விட்டது என்றுதான் நினைத்து நொந்துகொண்டேன். பிரீதர் பைப்பைக் கழற்றிப் பார்த்தால் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கட்டை விரல் அளவு செம்மண் கட்டி, உள்ளே காய்ந்த சிலந்திகள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்தேன். சீல் மாற்ற வேண்டி வந்தது, ஆனால் போர் இன்றுவரை அதேதான். ரப்பர் போய், வெறும் பைப் மாட்டியிருந்தது என் தப்பு. அந்த உதடு மூடியிருந்தால் குளவிக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் வண்டியும் கொட்டகையில்தானே நின்றது, பைப்புக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வரி. இப்போதைய வண்டிகளில் பிரீதர் வெளியே திறந்திருக்கக் கூடாது, ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸுக்குள் போய் அந்தக் கேஸ் திரும்ப எரிய வேண்டும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வண்டிகளும் அப்படித்தான். ஆகவே அங்கே பைப்பைப் பிடுங்கி வெளியே விடாதீர்கள். ஏர் பாக்ஸ் அடியில் பல வண்டிகளில் முனை மூடிய ஒரு குழாய் தொங்கும். அதில் தேங்கும் ஆயிலும் தண்ணீரும் சர்வீஸின்போது வடிக்க வேண்டியவை. மழையில் ஓட்டினாலோ, வண்டி சாய்ந்து விழுந்தாலோ உடனே பார்த்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் பத்துக்கு எட்டு முறை ஆயில் அதிகம் ஊற்றியதுதான் காரணம். டப்பாவில் இருப்பதெல்லாம் உள்ளே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டிப் ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அவர்கள் கிராங்க்கேஸில் ஆயில் நிற்பதில்லை.

தம்பி, ஒரே ஒரு வேலை மட்டும் அப்பாவிடம் கேட்டு முடித்து வையுங்கள். இந்த இன்ஜினை இதற்கு முன் எத்தனை முறை போர் பண்ணி, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள், இப்போது பிஸ்டன் ஸ்டாண்டர்ட் சைஸில் நிற்கிறதா, இருபது பெரிசா, நாற்பது பெரிசா? பழைய பில் வீட்டில் எங்காவது இருக்கும். கடைசி சைஸ் வரை போய்விட்டிருந்தால் சிலிண்டருக்குள் புது உள்குழாயான ஸ்லீவ் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பாட்டிலில் வந்த அளவையும் அந்தச் சைஸையும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பேசலாம்.